பெற்றோரை உடன் அழைத்துச் செல்ல விரும்புவோர்க்கு: விசா வழிகளும் வங்கிக் கணக்குகளும்

வெளிநாட்டு வேலைக்கான நியமன ஆணை கைக்கு வந்ததும் எங்கள் தடா கிளைக்கு வரும் இளைஞர்கள் முதலில் கேட்பவை என்.ஆர்.இ. கணக்கு, அந்நியச் செலாவணி அட்டை, கல்விக்கடன் பாக்கி ஆகியவை பற்றியே. படிவங்கள் நிரப்பி முடித்து எழுந்திருக்கும் வேளையில்தான் அவர்களிடமிருந்து மற்றொரு வினா எழுகிறது: அப்பா, அம்மாவையும் உடன் அழைத்துச் செல்ல வழி உண்டா? ஸ்ரீசிட்டி வந்த பின்னர் தடா, வரதய்யபாளையம், சத்தியவேடு வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் பொறியாளர்களாயினர். அங்குள்ள நிறுவனங்களில் சில ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்துடன் அவர்கள் டொரான்டோவுக்கும் மெல்போர்னுக்கும் டெக்சஸுக்கும் செல்கின்றனர். வீட்டில் எஞ்சுவோர் அறுபதைக் கடந்த இருவர், அல்லது அவர்களுள் ஒருவர். ஆகவே இவ்வினா அடிக்கடி எழுவதில் வியப்பில்லை.

இதற்குரிய நேரான விடை பலருக்கு ஏமாற்றமளிக்கலாம். பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் 'சார்ந்திருப்போர்' என்னும் சொல் வாழ்க்கைத் துணையையும் வயது வராத பிள்ளைகளையும் மட்டுமே குறிக்கும். நம் குடும்ப வழக்கில் முதலிடம் பெறும் தாய் தந்தையர் அந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை. எனவே 'உடன்' அழைத்துச் செல்வது அரிது. 'பின்னர்' வரவழைப்பதற்கே வழிகள் உள்ளன. அந்தப் பின்னர் என்பது எத்தனை ஆண்டுகள் என்பதில் நாட்டுக்கு நாடு பெரும் வேறுபாடு உண்டு.

அமெரிக்காவை முதலில் எடுத்துக்கொள்வோம். எச்-1பி விசாவில் செல்பவரின் மனைவி அல்லது கணவருக்கும், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் எச்-4 விசா கிடைக்கும். பெற்றோருக்கு அதில் இடமில்லை. மகன் நிரந்தரக் குடியிருப்பு உரிமையாகிய கிரீன் கார்டு பெற்றாலும் பெற்றோருக்காக விண்ணப்பிக்க இயலாது. அவர் அமெரிக்கக் குடிமகனாகி, 21 வயது நிறைந்தவராக இருந்தால் மட்டுமே ஐ-130 மனு அளித்துப் பெற்றோரை ஐ.ஆர்.-5 பிரிவில் வரவழைக்கலாம். இப்பிரிவுக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது என்பது பெரிய நன்மை. மனு அளிப்பவர், அந்நாட்டு அரசு வகுத்த வறுமைக்கோட்டு வருமானத்தில் குறைந்தது 125 விழுக்காடு தமக்கு உண்டு எனக் காட்டி ஆதரவு உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். ஆனால் அந்நிலைக்கு வருவதற்குள் எத்தனை ஆண்டுகள் கழியும் என்பதைக் கணக்கிட வேண்டும். வேலைவாய்ப்பு வழியில் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் இந்தியர்களின் வரிசை மிக நீண்டது. கார்டு கிடைத்த பின்னரும் குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். இன்று புறப்படும் மகனின் தந்தைக்கு இப்போது 62 வயது என்றால், அவர் ஐ.ஆர்.-5 விசாவைக் காணும்போது எண்பதைக் கடந்திருக்கவும் கூடும்.

அதுவரை உள்ள வழி பி-2 வருகை விசா. விசா பத்தாண்டுக்குச் செல்லுபடியாகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தங்கக்கூடிய காலத்தை விமான நிலைய அதிகாரியே முடிவு செய்கிறார். வழக்கமாக அது ஆறு மாதம் வரை. கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட விசாவின் முடிவு நாளையும் தங்கும் காலத்தின் முடிவு நாளையும் ஒன்றெனக் கருதிவிடுவோர் உண்டு. அது ஆபத்தான குழப்பம். மேலும், 79 வயதைக் கடந்தோர்க்கு நேர்காணலிலிருந்து இருந்துவந்த பொது விலக்கு 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டது. ஆகவே முதியவர்களும் தூதரகத்துக்கு நேரில் செல்ல ஆயத்தமாக இருத்தல் வேண்டும். நேர்காணலில் 'பேரனைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்' என்று சொல்வதா வேண்டாமா எனப் பலர் அஞ்சுகின்றனர். உண்மையைச் சொல்வதே முறை. குடும்பத்தைப் பார்க்கச் செல்வது அவ்விசாவின் நோக்கத்துக்கு உட்பட்டதே. ஊதியம் பெறும் வேலையாக எதையும் செய்யக்கூடாது, குறித்த காலத்தில் திரும்பிவிட வேண்டும் என்பவையே நிபந்தனைகள்.

கிரீன் கார்டு பெற்ற பெற்றோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. அது அங்கு வாழ்வதற்கான உரிமை. ஆண்டுக்கு ஒரு முறை எட்டிப்பார்ப்பதற்கான அனுமதியன்று. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வெளியே தங்குவதாயின் முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி பெற்றிருக்க வேண்டும். ஆறு மாதத்தைக் கடந்தாலே கேள்விகள் எழலாம். பாதி ஆண்டு இங்கே, பாதி ஆண்டு அங்கே என வாழ விரும்பும் தாய் தந்தையர்க்குப் பல வேளைகளில் வருகை விசாவே பொருத்தமானது.

கனடாவின் ஏற்பாடு வேறு. அங்கு நிரந்தரக் குடியிருப்பாளரும் பெற்றோருக்குப் பொறுப்பேற்கலாம். ஆனால் நிரந்தரக் குடியேற்றத்துக்கான பெற்றோர், பாட்டன் பாட்டியர் திட்டம் குலுக்கல் போன்றது. 2025-ஆம் ஆண்டில் அனுப்பப்பட்ட அழைப்புகளும் 2020-இல் விருப்பம் தெரிவித்துப் பதிவு செய்தவர்களுக்கே சென்றன. அழைப்புக் கிடைத்தவர் மூன்று ஆண்டு வருமானத்தைக் காட்டுவதுடன், பெற்றோரின் செலவுக்கு 20 ஆண்டுகள் பொறுப்பேற்பதாகவும் எழுதித் தர வேண்டும். கியூபெக் மாநிலத்தில் இது 10 ஆண்டு.

ஆகவே நடைமுறையில் பெரும்பாலோர் நாடுவது சூப்பர் விசா. 2011 டிசம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில், 2022 ஜூலை முதல் ஒவ்வொரு வருகையிலும் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். மகன் அல்லது மகள் கனடாக் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இருக்க வேண்டும். குறைந்தபட்ச வருமானம் காட்ட வேண்டும். பெற்றோர் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். முன்பு கனடா நிறுவனத்தின் காப்பீடு மட்டுமே ஏற்கப்பட்டது. 2025 ஜனவரி முதல், அந்நாட்டுக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் காப்பீடும் ஏற்கப்படுகிறது. நம்மூர்க் காப்பீட்டு முகவர் காட்டும் எந்தப் பயணக் காப்பீடும் செல்லும் என்று இதற்குப் பொருளன்று. நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோர்க்கு இக்காப்பீட்டின் கட்டணமே விமானக் கட்டணத்தைவிட மிகுதியாகலாம். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவையும் வருமானக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோர் முதலில் தம் உடன்பிறந்தோரை எண்ணிப் பார்க்க வேண்டும். நிரந்தரப் பெற்றோர் விசாக்களுக்குக் குடும்பச் சமநிலைச் சோதனை என்று ஒன்று உண்டு. பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் நிலையாக வாழ வேண்டும். அல்லது வேறு எந்த ஒரு நாட்டிலும் உள்ளவர்களைவிட அங்கு அதிகம் பேர் இருக்க வேண்டும். இரு பிள்ளைகளில் ஒருவர் சிட்னியில், ஒருவர் சூளூர்ப்பேட்டையில் என்றால் சோதனையில் தேறலாம். மூவரில் ஒருவர் அங்கே, ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் தடாவில் என்றால் தேற முடியாது. ஊரில் இருந்து பெற்றோரைக் கவனிக்கும் பிள்ளையே கணக்கில் தடையாக வந்து நிற்பதை என்னென்று சொல்வது!

சோதனையில் தேறினாலும் வரிசை நீளமானது. பங்களிப்புப் பெற்றோர் விசாவாகிய 143-இல் ஒருவருக்கு இரண்டாம் தவணைக் கட்டணம் மட்டும் 43,600 ஆஸ்திரேலிய டாலர். தாய் தந்தை இருவருக்குமாகக் கணக்கிட்டால் நம் வட்டாரத்தில் ஒரு வீட்டின் விலை. அதைச் செலுத்த ஆயத்தமாக இருப்போரும் புதிதாக விண்ணப்பித்தால் பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க நேரும். கட்டணம் குறைந்த 103, முதிய பெற்றோருக்கான 804 ஆகியவற்றுக்கு அந்நாட்டுத் துறையே 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்கிறது. எழுபது வயதுத் தந்தைக்கு 30 ஆண்டு வரிசையில் இடம்பிடித்துத் தருவது வெறும் மனநிறைவுக்கே உதவும். எனவே 2019-இல் தொடங்கிய 870 என்னும் தற்காலிக விசாவைக் கருதிப் பார்க்கலாம். இதற்குச் சமநிலைச் சோதனை இல்லை. மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குப் பெறலாம். மொத்தம் பத்தாண்டுக்கு மேல் தங்க இயலாது. ஐந்தாண்டு விசாவின் கட்டணம் ஒருவருக்குப் பத்தாயிரம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டுகிறது. வேலை செய்ய அனுமதி இல்லை.

பிரிட்டன் ஏறத்தாழ மூடிய கதவு. 2012 ஜூலையில் கடுமையாக்கப்பட்ட விதியின்படி, குளித்தல், உடுத்தல் போன்ற அன்றாடச் செயல்களுக்கே நீண்டகாலத் துணை தேவைப்படும் நிலையில் பெற்றோர் இருக்க வேண்டும். அத்துணை இந்தியாவில் பணம் கொடுத்தும் கிடைக்காது என மெய்ப்பிக்கவும் வேண்டும். பிள்ளைக்கு நல்ல வருமானம் இருப்பதே, 'இங்கேயே ஆள் வைத்துப் பார்க்கலாமே' என்னும் மறுப்புக்குக் காரணமாகிவிடுகிறது. பெரும்பாலோர் ஆறு மாத வருகை விசாவுடன் நிறுத்திக்கொள்கின்றனர். நியூசிலாந்து 2025 செப்டம்பர் இறுதியில் பெற்றோர்க்கென ஐந்தாண்டு வருகை விசாவைத் தொடங்கியுள்ளது. ஜெர்மனியில் 2024 மார்ச் 1 அன்றோ அதன் பின்னரோ தகுதிமிக்க பணியாளருக்கான அனுமதி பெற்றவர்கள் பெற்றோரையும், துணைவரும் அங்கு வசித்தால் மாமனார் மாமியாரையும் அழைக்கலாம். ஆனால் முதியவர்க்கு மருத்துவக் காப்பீடு பெறுவதே அங்குப் பெரிய மலை. சிங்கப்பூரில் நிலையான மாத ஊதியம் 12,000 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாத வேலை அனுமதியாளர் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி பெறலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஊதிய, வீட்டு வசதி நிபந்தனைகளுடன் ஓராண்டு வசிப்பு அனுமதி தந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றனர். அங்குத் தாய் தந்தை இருவருக்கும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமெனில் மற்றவர் மறைந்தது அல்லது மணமுறிவு ஏற்பட்டதற்கான சான்று தேவை.

ஸ்ரீசிட்டியின் ஜப்பானிய நிறுவனங்களில் பணிபுரிவோர்க்காக ஒன்றைச் சேர்த்துக் கூறலாம். ஜப்பானில் உயர்திறன் வல்லுநர் என்னும் தகுதி பெற்றவர், குடும்ப ஆண்டு வருமானம் 80 லட்சம் யென்னுக்குக் குறையாமல் இருந்து, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை வளர்ப்பதற்காகவோ கருவுற்ற காலத்து உதவிக்காகவோ பெற்றோரை வரவழைக்கலாம். தம் பெற்றோர், துணைவரின் பெற்றோர் ஆகிய இரு தரப்பில் ஒரு தரப்புக்கு மட்டுமே இச்சலுகை. குழந்தைக்கு ஏழு வயது ஆனதும் இதற்கான காரணமும் முடிந்துவிடும்.

கட்டணங்களும் விதிகளும் ஆண்டுக்கொரு முறை மாறுகின்றன. விண்ணப்பிக்கும் நாளன்று அந்தந்த நாட்டு அரசின் தளத்தில் உள்ளதையே கொள்க. முகவர்க்குப் பெருந்தொகை முன்பணமாக அனுப்பக் கோரி வருவோரிடம் நாங்கள் முதலில் சொல்வதும் இதுவே.

பெயரும் பிறந்த ஊரும்

நம் எல்லைப் பகுதியினர்க்கு ஆவணங்களில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தடா மண்டலம் 2022 ஏப்ரல் 4 வரை நெல்லூர் மாவட்டம், அதன்பின் திருப்பதி மாவட்டம். 1953 அக்டோபர் 1-க்கு முன் பிறந்தவர்க்கு அது சென்னை மாநிலம். சத்தியவேடு பகுதியோ 1960 ஏப்ரல் 1 வரை செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது, பின்னர் சித்தூர், இப்போது திருப்பதி. ஆகவே ஒரே ஊரில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவரின் பள்ளிச் சான்று, கடவுச்சீட்டு, ஆதார் ஆகிய மூன்றிலும் மூன்று மாவட்டங்களின் பெயர்கள் இருப்பதைக் காண்கிறோம். இதை அயல்நாட்டு அதிகாரி முரண்பாடாகக் கருதலாம். எல்லை மாற்றத்தை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பை விண்ணப்பத்துடன் இணைப்பது நன்று.

பெயர்களிலும் இதே நிலை. தமிழ்க் குடும்பங்களில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப் பெயராகிய இண்டி பேரு முன்னால் வரும். இரு வழக்கும் கலந்த நம் ஊர்களில், தாயின் பெயர் மகனின் பிறப்புச் சான்றில் ஒருவாறும் கடவுச்சீட்டில் வேறொருவாறும் இருப்பது அரிதன்று. உறவை மெய்ப்பிக்கும் முதல் ஆவணம் பிள்ளையின் பிறப்புச் சான்றே. ஆதலால் அதில் உள்ள பெற்றோர் பெயருடன் அவர்களின் கடவுச்சீட்டுப் பெயர் ஒத்துவர வேண்டும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பின் அமெரிக்க விசாவில் முதற்பெயர் அறியப்படவில்லை என்னும் பொருளில் எஃப்.என்.யு. என்று அச்சாகும். அமீரகம் 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டுடன் வரும் வருகையாளர்களை ஏற்பதில்லை.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் ஆண்டினது. அதற்கு முன் பிறந்த பெற்றோர் பலருக்குப் பிறப்புப் பதிவே இராது. அவர்கள் பதிவு அலுவலகத்தில் 'பதிவு காணப்படவில்லை' என்னும் சான்றைப் பெற்று, பள்ளிச் சான்றையும் மூத்த உறவினரின் உறுதிமொழியையும் சேர்த்து வைக்கலாம். பெற்றோரின் திருமணமும் பதிவாகாதிருக்கும். நாற்பதாண்டுக்கு முன் நடந்த திருமணத்தை இப்போது பதிவு செய்ய வெட்கப்படத் தேவையில்லை. தேவைப்படும் நாளில் ஓடுவதைவிட இருவரும் நலமாக இருக்கையிலேயே அதை முடிப்பது எளிது.

வீட்டையும் வைப்புகளையும் என்ன செய்வது

ஆறு மாதம் சென்று திரும்பும் பெற்றோர் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவர். அவர்களின் கணக்குகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நிரந்தரமாகவோ எப்போது திரும்புவது என்ற வரையறையின்றியோ செல்வோர், 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி வெளிநாட்டில் வசிப்பவர் ஆகின்றனர். அவர்களின் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இதைச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று எண்ணுவது நன்றன்று. பின்னாளில் பணத்தை வெளியே அனுப்பும்போது அது வெளிப்படும்.

இம்மாற்றத்தின் விலையை முன்பே அறிந்திருக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டி என்.ஆர்.ஓ. வைப்புக்குக் கிடையாது. அரை விழுக்காடு என்றால் 10 லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் குறையும். வரிப் பிடித்தம் வேண்டாம் எனக் கோரும் மூத்த குடிமக்கள் படிவத்தையும் அளிக்க இயலாது. வட்டியில் 30 விழுக்காடும் அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வையும் சேர்ந்து 31.2 விழுக்காடு பிடிக்கப்படும். 7 விழுக்காட்டில் 10 லட்சத்துக்குக் கிடைக்கும் 70,000 ரூபாயில் 21,840 ரூபாய் முதலிலேயே போய்விடும். மிகுதியாகப் பிடித்ததை வருமான வரிப் படிவம் அளித்துத் திரும்பப் பெறலாம். செல்லும் நாட்டின் வரி வசிப்பிடச் சான்றைத் தந்தால், இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி பல நாடுகளுக்கு இது 10 முதல் 15 விழுக்காடாகக் குறையும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வெளிநாடு வாழ்வோர் புதிதாகச் சேர இயலாது. பி.பி.எஃப். கணக்கை முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்க இயலாது.

வீட்டை விற்றுப் பணத்துடன் செல்லலாமா என்பது அடுத்த வினா. என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை, வரி செலுத்தியதற்கான பட்டயக் கணக்காயர் சான்றுடன் வெளியே அனுப்பலாம். ஆகவே இன்றே விற்றாக வேண்டிய அவசரம் இல்லை. அதே வேளையில் வரி வேறுபாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீடு ஆகியவற்றை விற்கும்போது, இங்கு வசிப்பவர் பணவீக்கச் சரிக்கட்டல் இன்றி 12.5 விழுக்காடு, சரிக்கட்டலுடன் 20 விழுக்காடு என்னும் இரண்டில் குறைந்ததைச் செலுத்தலாம். வெளிநாட்டில் வசிப்பவர்க்கு இத்தேர்வு இல்லை. வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரியும் அவர்க்கு மிகுதி. விளைநிலம் உடையோர் அதனை விற்காமலே வைத்திருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் வசிப்பவரான பின் புதிதாக விளைநிலம் வாங்க இயலாது. இருப்பதை விற்பதாயினும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். ஸ்ரீசிட்டியைச் சுற்றி நிலமதிப்பு உயர்ந்திருக்கும் இந்நாளில் இது சிறு செய்தியன்று.

என் கருத்தில், முதல் ஓராண்டுக்கு வீட்டை விற்கலாகாது. வருகை விசாவில் ஒரு முறை சென்று வாழ்ந்து பார்த்த பின் முடிவு செய்யலாம். அதுவும் கோடையில் மட்டுமன்றி டிசம்பர், ஜனவரியிலும் இருந்து பார்க்க வேண்டும். மே மாதத்து டொரான்டோவைக் கண்டு மகிழ்ந்த பெற்றோர், பனிக்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டும் வீட்டில், பிள்ளைகள் வேலைக்குச் சென்ற பின் பேச ஆளின்றி இருப்பதை முன்கூட்டி எண்ணியிருக்க மாட்டார்கள். ஊரில் தேநீர்க் கடையும் கோயில் மண்டபமும் தரும் துணைக்கு எந்தக் காப்பீடும் ஈடன்று. திரும்பிவர ஒரு வீடும், இயங்கும் கணக்கும், காலாவதியாகாத மருத்துவக் காப்பீடும் இருப்பின் அம்முடிவு அச்சமின்றி எடுக்கப்படும். குறிப்பாக இந்தியக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிடக்கூடாது. விட்டபின் புதிதாக எடுத்தால், முன்பே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம்.

புறப்படுமுன் இங்குள்ள நம்பிக்கைக்குரிய ஒருவர்க்கு, குறித்த பணிகளுக்கு மட்டும் அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். வெளிநாட்டில் எழுதினால் இந்தியத் துணைத் தூதரகச் சான்று பெற்று, அது இந்தியாவை அடைந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். எழுதியவர் காலமானால் அப்பத்திரம் அன்றே செயலிழக்கும். அதன்பின் அதைக் காட்டிப் பணம் எடுப்பது குற்றமாகும். எனவே ஒவ்வொரு வைப்புக்கும் பெட்டகத்துக்கும் நியமனதாரரைப் பதிவு செய்தல் கட்டாயம் என்றே கொள்க. 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஓ.டி.பி. வரும் கைப்பேசி எண் வெளிநாட்டில் இயங்குகிறதா என்பதையும் விமானம் ஏறுமுன் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வூதியம் பெறுவோர் அதனை என்.ஆர்.ஓ. கணக்கிலேயே தொடர்ந்து பெறலாம். வரி போக எஞ்சியதை, மேற்சொன்ன 10 லட்சம் டாலர் வரம்பில் சேராமல், வெளியே அனுப்பவும் முடியும். உயிர்வாழ்வுச் சான்றை ஆண்டுதோறும் நவம்பரில் அளிக்க வேண்டும். 80 வயது நிறைந்தோர் அக்டோபர் முதல் அளிக்கலாம். வெளிநாட்டில் இருப்போர் அருகிலுள்ள இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ சான்று பெற்றுக் கிளைக்கு அனுப்பினால் போதும்.